தேத்தண்ணிக்கு யார் சீனி போடுவது?

கேள்வி: தடை, தண்டம் எதுவும் இல்லாமல், நடத்தைப் பொருளியலை வைத்தே மக்களை ஆரோக்கியமான பழக்கங்களுக்குத் திருப்ப அரசால் முடியுமா? இலங்கையில், குறிப்பாகக் கிழக்கில், அது எடுபடுமா?

முடியும். ஆனால் ஆள் நின்று வாசித்து, யோசித்து, வாய்திறந்து கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் பெரிதாக எடுபடாது. அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் நல்லது வந்து சேருகிற ஏற்பாடு என்றால் எடுபடும். நான் மட்டக்களப்புக்காரன், எங்கள் ஊர்க் கடைகளை வைத்தே சொல்கிறேன்.

கல்லடிப் பக்கம் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் "ஒரு பிளேன்ரீ" என்றால் சீனி போட்டுத்தான் வரும். எவ்வளவு சீனி என்பதைக் கடைக்காரரின் கைதான் முடிவு செய்யும். குறைத்துக் குடிக்க நினைக்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? "சீனி குறைச்சுப் போடுங்க அண்ணே" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்து வாங்கில் இருக்கிற பெரியவர் திரும்பிப் பார்த்து, "என்ன மனே, இந்த வயசிலயே சீனி வருத்தமா?" என்பார். அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் நாலு பேருக்கு முன்னால் தன் உடம்பைப் பற்றிக் கதைக்க யாருக்கு விருப்பம்? பேசாமல் வந்ததைக் குடித்துவிட்டுப் போகிறோம். இங்கே சீனி கெடுதல் என்று தெரியாதவர் யாருமில்லை. தெரிந்ததைச் செய்ய ஒரு சின்னக் கூச்சம் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான்.

2017இல் பொருளியல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தாலரும் சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீனும் பிரபலமாக்கிய நடத்தைப் பொருளியல் யோசனை இந்தக் கூச்சத்தையும் சோம்பலையும் கணக்கில் எடுக்கிறது. எதையும் தடுக்காதே, விலையை ஏற்றாதே, தெரிவுகளை அடுக்கி வைக்கும் விதத்தை மட்டும் மாற்று என்பதுதான் அதன் சாரம். ஆர்ஜென்டினாவின் புவனஸ் ஐரஸ் மாகாணத்தில் 2011இல் உணவகங்களின் மேசைகளிலிருந்து உப்புச் சாடியை எடுத்தார்கள். கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். அங்கே உப்பைக் கூட்டுகிறவர் வாய்திறக்க வேண்டும். எங்கள் தேத்தண்ணிக் கடையில் சீனியைக் குறைக்கிறவர் வாய்திறக்க வேண்டியிருக்கிறது.

சரி, இலங்கை அரசு என்ன செய்தது என்று பார்ப்போம். 2016இல் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள 400 மில்லிப் போத்தலுக்கும் மஞ்சள்தான். உள்ளே இருப்பது 40 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மஞ்சளைப் பார்த்து "பரவாயில்லை, சிவப்பில்லைதானே" என்று வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியுமா? இப்படிக் குறியீட்டால் அதிகம் அசைவது குடிக்கிறவரல்ல, எல்லைக் கோட்டுக்குக் கீழே வரப் பார்க்கும் கம்பனிதான் என்பது என் அபிப்பிராயம். அதுவும் லாபம்தான். ஆனால் தேத்தண்ணிக் கோப்பைக்கு எந்த நிறமும் கிடையாது. எங்கள் ஊரில் சீனி போகிற பெரிய வழி அதுதானே.

சிகரெட் பெட்டிக் கதை இன்னும் மோசம். 2015இலிருந்து பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூடியிருக்க வேண்டும். ஆனால் இங்கே பெட்டியோடு வாங்குகிறவர் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்கி, கடையில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் முதலாளி ஒருவர்தான்! கொழும்பில் மேசையில் இருந்து எழுதும்போது இது கண்ணில் படாது.

யாருக்கும் தெரியாமலே வென்ற ஒன்றும் இருக்கிறது: உப்பு. 1990களின் நடுவிலிருந்து விற்பனைக்கு வரும் சமையல் உப்புக்கு அயடீன் கட்டாயம். தொண்டைக் கழலைக்கு எதிரான அந்த முயற்சிக்காக எங்கள் அம்மாமார் எதையும் வாசிக்கவில்லை, எந்தப் பழக்கத்தையும் மாற்றவில்லை. கட்டாயம் என்பதால் கறாராகப் பார்த்தால் இது தாலர் சொன்ன வகைக்குள் வராது. இருந்தாலும் பாடம் இதில்தான் இருக்கிறது.

கிளினிக் விசயத்தில் ஆளை உந்துவதைவிட வழியில் கிடக்கும் கல்லை எடுப்பது முக்கியம். 35 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் நாடு முழுக்க உண்டு, ஆண்கள்தான் வருவது குறைவு. வேலை நேரத்தில் திறந்தால் கூலிக்குப் போகிறவர் எப்படி வருவார்? ஒரு நாள் சம்பளம் போகும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஆட்கள் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். அந்தப் பாலம் செய்த உதவியை எந்தச் சுவரொட்டியும் செய்திருக்காது. காத்தான்குடியில் ஜும்ஆ முடிந்து வருகிற நேரம், மாமாங்கத் திருவிழா நேரம் என்று ஆண்கள் கூடுகிற இடத்துக்கு மெசினைக் கொண்டுபோனால் கூட்டம் தானாக வரும். இந்தியாவில் உதய்ப்பூர்ப் பக்கம் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் செய்த ஆய்வில், ஒழுங்காகத் தடுப்பூசி முகாம் நடத்தியதாலேயே முழுத் தடுப்பூசி பெற்ற பிள்ளைகள் 6 வீதத்திலிருந்து 18 ஆனார்கள். வரும்போதெல்லாம் ஒரு கிலோ பருப்பும் கொடுத்த இடங்களில் 39. பருப்புக்காகப் பிள்ளைக்கு ஊசி போடுவார்களா என்று சிரிக்க வேண்டாம். நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுகிறவருக்கு இன்றைக்கே போக ஒரு காரணம் கிடைக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடவும் வேண்டாம். சின்னத் தட்டில் சாப்பிட்டால் குறைத்துச் சாப்பிடுவோம் என்ற வகை ஆய்வுகளால் புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல மீளப்பெறப்பட்டு, 2018இல் அவர் பதவி விலகல் அறிவித்தார். அமெரிக்காவில் அரசுகளோடு வேலை செய்யும் இரண்டு குழுக்கள் செய்த இந்த வகைத் தூண்டல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது சராசரி மாற்றம் 1.4 வீதப் புள்ளிதான், அதாவது நூறு பேரில் ஒன்றிரண்டு பேர். ஆய்வுச் சஞ்சிகைகளில் வந்தவற்றிலோ 8.7. இதைக் காட்டிச் சீனி வரியைக் கைவிட யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இங்கே 2017 இறுதியில் கிராமுக்கு 50 சதம் என்று தொடங்கிய வரி, ஏறக்குறைய ஒரு வருடத்திலேயே 30 சதமாக இறங்கியது. மெல்லத் தூண்டுவது வரிக்குத் துணையாக இருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

என்னைக் கேட்டால் கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், ஆஸ்பத்திரிக் கன்டீன்களில் தொடங்குவேன். தேத்தண்ணி சீனியில்லாமல் வரட்டும், சீனிப் போத்தலும் கரண்டியும் மேசையில் இருக்கட்டும். நாலு கரண்டி போடுகிறவர் போடட்டும், அது அவர் விருப்பம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் பாதிக் கன்டீன்களில் இப்படியும் மீதியில் பழையபடியும் மூன்று மாதம் விட்டுப் பார்க்கலாம். யாரிடமும் படிவம் நீட்ட வேண்டியதில்லை. எத்தனை தேத்தண்ணி விற்றது, எத்தனை கிலோ சீனி வாங்கியது என்று கன்டீன்காரரின் கணக்குக் கொப்பியிலேயே இருக்கும்.