ஹெட் கேஸ்கட் என்கிறார் மெக்கானிக்: பாதி வழியில் நின்ற காரை என்ன செய்வது?

கேள்வி: வேலை மாற்றத்தால் 900 கி.மீ. தள்ளியுள்ள ஊருக்குக் குடிபெயர்ந்தோம். பெரிய சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு, நாங்கள் நான்கு பேரும் 11 வருடம் ஓடிய பெட்ரோல் காரில் கிளம்பினோம். டிக்கி நிறைய சாமான், கூரைக் கேரியரிலும் மூட்டைகள். 400 கி.மீ. தாண்டியபின் ஒரு மேட்டில் ஏறும்போது வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓட்டினோம். மறுபடி ஏறிய முள் கொஞ்ச நேரத்தில் தானாகவே கீழே வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். சில கி.மீ. போவதற்குள் வண்டி இழுவை இழந்து நின்றுவிட்டது. கார் இப்போது அந்த வழியிலுள்ள ஒரு பட்டறையில், சாமான்களோடு நிற்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? எங்கே தவறினோம்? அங்கேயே வேலை பார்ப்பதா, ஏற்றி இங்கே கொண்டுவருவதா?

பதில்: ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம், பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப் பாகம்; இரண்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்படி நினைக்க வைப்பது, முள் தானாக இறங்கியது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி. வெப்ப சென்சார், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரில் முங்கியிருந்தால்தான் ஒழுங்கான அளவைக் காட்டும். நீர் தீர்ந்து, அதைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் மிஞ்சும்போது அளவு சரிந்துவிடும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும், முள்ளோ குளிர்ந்துவிட்டதாகச் சொல்லும். அந்த நேரத்தில் ஹீட்டரைப் போட்டிருந்தால் குளிர்ந்த காற்று வந்திருக்கும். சிவப்புவரை போன முள் காரணமில்லாமல் இறங்குவது, ஏறுவதைவிட மோசமான அறிகுறி.

நீரில்லாமல் ஓடும்போது முதலில் அடிபடுவது அலுமினிய ஹெட். ஒரே சூட்டுக்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கீழே பிளாக்கோடு போல்ட்டுகளால் கட்டிப்போடப்பட்டிருக்கும் ஹெட், விரிய இடமில்லாமல் வளைகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

ஆனால் கேஸ்கட் போனது விளைவு. அதற்கு முன்பே எஞ்சினைக் கொதிக்கவைத்த காரணம் ஒன்று தனியாக இருக்கிறது: வெடித்த ஹோஸ், கசியும் வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட் பாதையைத் திறக்கும் வால்வு), சுற்றாத ஃபேன், அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி, உள்ளே அடைத்துப்போன ரேடியேட்டர் என்று ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், அடுத்த மேட்டில் புதிய கேஸ்கட்டும் போகும். ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'முதலில் தண்ணீர் எந்த வழியாகப் போனது?'

ஹெட்டைத் தொடுவதற்கு முன் சில சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை: சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்க யாரையும் விடாதீர்கள். கேஸ்கட் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனைத் தள்ளும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். பிளக் இல்லாமலும் சுற்றவில்லை என்றால் எஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறது. அப்போது கேஸ்கட் பேச்சுக்கே இடமில்லை, பேச வேண்டியது எஞ்சின் மாற்றுவதைப் பற்றி.

சுற்றினால், எஞ்சின் ஆறிய நிலையில் கூலன்ட் அமைப்பில் அழுத்தச் சோதனை. நீர் நிரப்பி, மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு (வழக்கமாக 0.9 முதல் 1.1 பார்) ஏற்றிவிட்டு 15 நிமிடம் பார்ப்பார்கள். பம்பின் அழுத்த முள் இறங்கி வெளியே சொட்டினால் அதுதான் நாம் தேடும் மூல காரணம். முள் இறங்கியும் வெளியே சொட்டு இல்லை, பிளக் துவாரம் ஒன்றில் ஈரம் தெரிகிறது என்றால் கேஸ்கட்டோ ஹெட் விரிசலோ உறுதி. அடுத்தது, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 10 முதல் 14 பார் வரும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டர் குறைந்தால், அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பிபோல இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய்போல் கொஞ்சம் ஒட்டியிருப்பதைக் காட்டி 'பாருங்க சார், கேஸ்கட் போச்சு' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் நல்ல எஞ்சினிலும் அது வரும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நிலையில் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாயிலுள்ள நீலத் திரவம், சிலிண்டரில் எரிந்த புகை கசிந்து வந்தால் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை, வாதத்துக்கு இடம் வைக்காத சான்று.

எங்கே தவறினீர்கள் என்பதற்கு வருவோம். ஊற்றிய இரண்டு லிட்டர் தண்ணீர்தான் தவறின் தொடக்கம். மூடிய அமைப்பிலிருந்து இரண்டு லிட்டர் காணாமல் போயிருக்கிறது என்றால் அது எங்கோ வெளியேறியிருக்கிறது. ஊற்றியதும் அதே வழியில்தான் போகும். கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் ஹெட் விரிசல் காணவும் வாய்ப்புண்டு.

முள் முக்கால் அளவைத் தாண்டியதுமே ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஃபேனை முழு வேகத்திலும் வைக்க வேண்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினுக்கு நல்லது. பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் நிறுத்துங்கள். ஆவி வராமல் முள் இறங்கத் தொடங்கினால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடலாம்; ஆவி வந்தாலோ முள் இன்னும் ஏறினாலோ உடனே அணைத்துவிட வேண்டும். பிறகு குறைந்தது 45 நிமிடம் காத்திருப்பு. வேகச் சாலையென்றால் அந்த நேரம் முழுக்கக் குடும்பம் காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. வண்டிகள் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அந்தப்பக்கம் போய்விடுங்கள்.

மூடியைச் சூட்டில் ஏன் திறக்கக் கூடாது? 1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுவித்த கணமே அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி, சூடும் கை தாங்கும் அளவுக்கு வந்தபின் தடித்த துணி போட்டு மூடியைக் கால் சுற்று திருகி, 'உஸ்' சத்தம் அடங்கியதும் முழுக்கத் திறக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். சொட்டுகிறதென்றால் அந்தக் கசிவை நிறுத்தும்வரை ஓட்டக் கூடாது. ஹோஸின் முனையில் கிழிசல் என்றால் கிழிந்த துண்டை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்துப் பொருத்திக் கிளிப்பை இறுக்கினால் அடுத்த பட்டறை வரை தாங்கும்.

சொட்டே இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு ரிலேயை. பல கார்களில் ஹார்னுக்கும் ஃபேனுக்கும் ஒரே எண் ரிலே இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் ஹார்ன் போய் ஃபேன் வந்துவிடும். அன்றைய கணக்குக்கு அது போதும்.

சாமான் பாரமும் ஒரு காரணம்தான். சிறிய காரின் மொத்தச் சுமைத்திறன், ஆட்களையும் சேர்த்து, பெரும்பாலும் 400 முதல் 500 கிலோ. நான்கு பேரே 250 கிலோவைத் தாண்டிவிடுவீர்கள். கூரைக்குத் தனி வரம்பு உண்டு. பல சிறிய கார்களில் கேரியரின் எடையையும் சேர்த்து 50 முதல் 75 கிலோ. மேட்டில் குறைந்த கியரில் எஞ்சின் அலறும், வேகமோ குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது, அதற்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் வேறு சூட்டைக் கக்கும். சமதளத்தில் தெரியாமல் இருந்த சின்னக் கசிவு அங்கேதான் வெளிப்படும்.

அங்கேயா, இங்கேயா? கோளாறு வெளிப்புறத்தோடு நின்றிருந்தால், அதாவது ஹோஸ், ஃபேன், தெர்மோஸ்டாட் அளவில் இருந்தால், அங்கேயே முடித்து ஓட்டி வாருங்கள். ஹெட்டை இறக்கியே ஆக வேண்டுமென்றால், இறக்குவதற்கு முன்பே காரை ஏற்றி உங்கள் ஊருக்குக் கொண்டுவருவதுதான் நல்லது. இந்த வேலைக்குப் பிறகு கார் இரண்டு மூன்று முறையாவது அதே பட்டறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும், 500 கி.மீ. தொலைவிலிருந்து அது நடக்காது. 'கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்பதற்குத் தலையாட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கழற்றிய எஞ்சினை ஏற்றி அனுப்பினால் போல்ட்டுகள் பெட்டியில் பாதி வரும், சிலிண்டர் சுவரில் துரு வரும், பழியைச் சுமக்க யாரும் வரமாட்டார்கள். அங்குள்ள பட்டறை அந்த மாடலில் கைதேர்ந்தது, நீங்கள் அங்கே சில நாள் தங்க முடியும் என்றால் மட்டும் விதிவிலக்கு. எஞ்சின் ஜாம் என்றால் ஏற்றுகூலியையும் வேலைச் செலவையும் கூட்டி, இதே வயதுள்ள நல்ல காரின் விலையோடு ஒப்பிடுங்கள். பாதியைத் தாண்டினால் இருந்த இடத்திலேயே விற்றுவிடுவது மேல்.

ஏற்றி அனுப்புவதென்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டி வேண்டும். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள்: எஞ்சின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் உயவில்லாமல் கியர்பாக்ஸும் சேர்ந்து போகலாம். 'வண்டி ஸ்டார்ட் ஆகாது, இழுத்து ஏற்ற வின்ச் வேண்டும்' என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சாமான்களை முதலில் காலிசெய்து வேறு வண்டியில் அனுப்புங்கள். காருக்குள் இருக்கும் பொருளுக்குக் காரை ஏற்றிச் செல்பவர்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. நான்கு பக்கமும் ஓடோமீட்டரும் படம் எடுத்த பிறகு, 'ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டு, பேட்டரி வயரையும் கழற்றச் சொல்லுங்கள். இறக்குபவர்கள் முதலில் செய்வது சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான்.

காப்பீட்டில் சாலையோர உதவி இருந்தால் இழுவைச் செலவு ஓரளவு கிடைக்கலாம், தூர வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொதித்த பிறகும் ஓட்டியதால் வந்த எஞ்சின் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

எந்த ஊரில் செய்தாலும் ஹெட் வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கேஸ்கட் செட், புதிய ஹெட் போல்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஆயில், ஃபில்டர், கூலன்ட் ஆகியவை அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இதோடு மாற்றிவிடுங்கள். எப்படியும் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். பழைய போல்ட்டே போதும் என்பார்கள். இக்காலப் போல்ட்டுகள் பெரும்பாலும் முதல் இறுக்கலிலேயே நீண்டுவிடும் வகை. இரண்டாம் முறை அதே பிடிப்பு வராது.

ஹெட் லேத் பட்டறைக்குப் போகும்போது, அடிப்பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேஸிங் மட்டும் போதாது, விரிசலுக்கான அழுத்தச் சோதனையும் வேண்டும். சமமட்டக் கோலும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கும்போது 0.05 மி.மீ. இடைவெளிக்கு மேல் பல எஞ்சின்களில் அனுமதியில்லை. பிளாக்கின் மேற்பரப்பையும் அதேபோல் பார்க்கச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் நீரையும் காற்றடித்து வெளியேற்றாவிட்டால் போல்ட் இறுகியதுபோல் காட்டும், உண்மையில் இறுகியிருக்காது.

வண்டியை வாங்கும்போது மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்குங்கள். சூடேறுவதற்கு முன்பே அது கல்லாக இருந்தால் எரிந்த புகை இன்னும் நீருக்குள் கசிகிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மெத்தென்று இருந்தால் எடுத்துக்கொண்டு, முதல் வாரம் தினமும் ஆறிய எஞ்சினில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் பட்டறைக்குத் திருப்புங்கள்.