சைக்கிளும் மாரி இருட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சி நகரத்தில் இருக்கும் அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். உடன் வேலை செய்பவர்கள் "சீலையோடு சைக்கிள் உழக்கி வாறது உத்தியோகத்துக்கு மதிப்பில்லை, லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடு" என்கிறார்கள். எனக்குச் சைக்கிள்தான் பிடித்திருக்கிறது. சோளகத்தில், அதுதான் தென்மேற்குக் காற்றுக் காலத்தில், காலையில் களைப்பு, மாரியில் வீடு வர இருட்டிவிடும், மற்றபடி குறையில்லை. அவர்கள் சொல்வது சரியா?

அன்புள்ள தங்கச்சி,

மதிப்புக் கதையை விடுங்கள். வன்னியில் வாத்தியார், விதானையார், மருத்துவிச்சி எல்லாரும் சைக்கிளில் வந்துதான் வேலை பார்த்தார்கள். யாரும் அவர்களைக் குறைத்துப் பார்த்ததில்லை. ஸ்கூட்டி வேண்டுமென்றால் எடுங்கள், ஆனால் அடுத்தவர் வாய்க்காக எடுக்காதீர்கள். லீசிங்காலும் நுண்கடனாலும் எங்கள் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

என்னை மறித்தது வேறொரு வரி. மாரியில் இருட்டிவிடும் என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் குறையில்லை என்கிறீர்கள். சைக்கிளில் லைட் இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொஞ்ச நாளாக எனக்கு இதே யோசனைதான். பொழுதுபட்ட பிறகு பரந்தன் சந்தியால் ரியூசன் முடிந்த பிள்ளைகளும் வேலை முடிந்த பெண்களும் போகிறார்கள். லைட் எரியும் சைக்கிளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். பொருளாதாரத் தடை, பற்றரி வராது. இரவானால் றேடியோ கேட்கக் கொட்டில் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, ஒரு பெடியன் கையால் பெடலைச் சுற்றுவான். டைனமோவில் வருவது ஆடலோட்டம் (ஏசி), றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் (டிசி). பழுதான றேடியோக்களில் கழற்றிய நாலு டயோட்டையும் ஒரு கப்பாசிட்டரையும் பலகைத் துண்டொன்றில் பற்றவைத்து அண்ணன் அதைச் சரிக்கட்டியிருந்தார். பெடியனுக்குக் கை உளைந்தால் பிபிசி தமிழோசை இழுபட்டு அடங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று சுற்றிநின்ற கிழவர்கள் கத்துவார்கள். எங்கே எறிகணை விழுந்தது, பாதை திறக்குமா என்பதெல்லாம் அந்தச் சில்லு சுற்றித்தான் எங்கள் காதுக்கு வந்தது.

அதே சனம் இன்றைக்குக் கடை நிறையப் பற்றரி கிடக்க, வெளிச்சமில்லாமல் ஓடுகிறது. கோபம் வருகிறது, தங்கச்சி. அப்போது லைட்டை அணைத்து ஓடியதற்கு மேலே விமானம் என்ற காரணம் இருந்தது. இப்போது என்ன காரணம்?

யோசித்துப் பாருங்கள். சோளகம் உங்களுக்குக் காலையில் எதிர்க்காற்று, பின்னேரம் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடை அப்படியில்லை. காலையில் சுகமாகப் போவீர்கள், பின்னேரம் மழை முகத்தில் அடிக்கத் தலையைக் குனிந்து மெல்ல மெல்ல உழக்குவீர்கள், அதுவும் இருட்டில். போருக்குப் பிறகு நீங்கள் வந்துபோகும் முல்லைத்தீவு வீதியைக் காப்பெற் போட்டுவிட்டார்கள். முன்பு குழிகள் வாகனங்களை மெல்லப் போக வைத்தன, இப்போது பஸ்ஸும் டிப்பரும் பறக்கின்றன. காலபோகம், அதுதான் மாரி நெல், விதைத்த பிறகு மாடுகளுக்கு வயலில் இடமில்லை, சூடு ஆறாத தாரில் வந்து படுக்கின்றன. மாட்டை விலத்த ஓரத்துக்கு வெட்டுகிற டிப்பர்காரனுக்குக் கறுப்பு ரெயின்கோட்டில் போகும் உங்களை எப்படித் தெரியும்?

மட்காட்டில் றிஃப்ளெக்டர் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். மாரிச் சேறு முதலில் அதைத்தான் மூடும், ஒருநாள் வீடு வந்ததும் விரலால் துடைத்துப் பாருங்கள். டைனமோவும் போதாது. அது 6 வோல்ட், 3 வாட், அதுவும் சில்லு வேகமாகச் சுற்றினால்தான். வாடைக்கு எதிரே மங்கும், மாட்டுக்காக நின்றால் அணைந்தே போகும். பின்னால் வருபவன் உங்களைக் காணவேண்டியதும் அந்த நேரத்தில்தான். ஆகவே முன்னுக்கு டைனமோ இருக்கட்டும், பின்னுக்குப் பற்றரியில் எரிகிற சிவப்பு எல்ஈடி லைட் வேண்டும். சீட்டுக்குக் கீழே பூட்டினால் கரியரில் இருக்கும் பை மறைக்கும். கரியரின் பின் நுனியில் பூட்டுங்கள்.

சீலைக்குச் செயின்கவர் ஒன்று போட்டால் காணும். ஐப்பசி பிறக்கமுதல் லைட்டைப் பூட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிற மற்றப் பெண்களுக்கும் சொல்லுங்கள்.