அம்பை விடுவதற்கு முன்னும் பின்னும்: வில் வேட்டை கேள்வி பதில்

மான் வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் பகுதிகளில், உரிமத்தோடு வில் எடுத்துப் போகிறவர்கள் கேட்டவை இவை. பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கக் காடுகளில் திரியும் வெள்ளைவால் மானை வைத்துச் சொன்னவை.

கேள்வி: "தோளுக்குப் பின்னால் அடி" என்கிறார்கள். சரியாக எந்த இடம்?

மான் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேல்நோக்கி மனதில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில், மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் குறி. அங்கே இரண்டு நுரையீரல்களும் இருக்கின்றன, சற்றுக் கீழே இதயம். எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 செ.மீ. அகலமுள்ள வட்டம்.

இதயத்தையே குறி வைக்கலாமே என்பார்கள். நான் வைப்பதில்லை. அது சின்னது, தாழ்வாக இருக்கிறது. கொஞ்சம் கீழே போனால் வெறும் நெஞ்சுச் சதை, கொஞ்சம் முன்னே போனால் கால் எலும்பு. நுரையீரலுக்குக் குறி வைத்து அம்பு சற்றுத் தாழ்ந்தால் இதயத்தில் படும், அதில் நஷ்டமில்லை. அம்பு கொல்வது அறுத்துத்தான், ரத்தம் இழந்துதான் மான் சாகிறது. இரண்டு நுரையீரலும் அறுபட்ட மான் பெரும்பாலும் சில நொடிகள்தான் ஓடும், 100 மீட்டருக்குள் விழுந்து கிடக்கும்.

கேள்வி: மான் நேராக என்னைப் பார்த்து நின்றால்?

விட்டுவிடுங்கள். நெஞ்சில் இடம் குறுகல், சுற்றிலும் எலும்பு. உங்கள் பக்கம் சாய்ந்து நின்றாலும் அதே பதில்தான், தோள் எலும்பு குறுக்கே நிற்கும். பக்கவாட்டுக்கு அடுத்து நல்லது, லேசாக உங்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பது. அப்போது அம்பு எங்கே நுழைகிறது என்பதை மறந்துவிட்டு, எங்கே வெளியே வர வேண்டும் என்று பாருங்கள்: எதிர்ப்பக்க முன்னங்காலுக்கு நேராக. அதனால் நுழையும் புள்ளி வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளிப் போகும்.

கேள்வி: மரத்தில் கட்டிய பரணிலிருந்து அடிக்கும்போதும் அதே புள்ளிதானா?

இல்லை, கொஞ்சம் மேலே. காரணம் அதேதான், வெளியேறும் இடம். மான் மரத்தடிக்கு நெருங்க நெருங்க அம்பு செங்குத்தாக இறங்கும், ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போய்விடும். ஒரு நுரையீரல் போன மான் வெகுதூரம் ஓடும். நேர் கீழே நிற்கும் மானைவிட 15 மீட்டர் தள்ளி நிற்கும் மான் எவ்வளவோ மேல். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளையுங்கள். ஆமாம், பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான்.

கேள்வி: கழுத்து, தலை?

வில்லில் வேண்டாம்.

கேள்வி: 30 மீட்டரில் குறி சரியாக இருந்தது, ஆனால் அம்பு முதுகுக்கு மேலே போய்விட்டது. ஏன்?

மான் குனிந்திருக்கும். நாண் சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. நல்ல காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பி வைத்த வில்) அம்பு பெரும்பாலும் 85 மீட்டர் அளவில்தான் போகும். உங்கள் 30 மீட்டரில் சத்தம் சேர்ந்த பிறகு அம்பு வர இன்னும் கால் நொடிக்கு மேல் ஆகிறது. பாய்வதற்காக மான் முதலில் காலை மடித்து உடலைத் தாழ்த்தும், அதற்கு அந்த நேரம் தாராளம். வேகமான வில் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், சத்தத்தை எந்த அம்பும் முந்தாது. காதை விறைத்துக்கொண்டு உங்கள் பக்கமே பார்க்கும் மானை விட்டுவிடுங்கள். அமைதியாக மேயும் மானுக்கும் சற்றுத் தாழ்வாகவே குறி வையுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எவ்வளவு தூரம்தான் சரி?

முன்னே சொன்ன 20 செ.மீ. வட்டத்தில், முதல் அம்பே, உடம்பு சூடாகாமல், குளிர்காலச் சட்டையோடு, உட்கார்ந்தபடி எந்தத் தூரத்தில் தவறாமல் விழுகிறதோ அதுதான். பத்தாவது அம்பை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

கேள்வி: அடிபட்டது உறுதி. உடனே பின்னால் போகலாமா?

இதில்தான் அதிக மான்கள் தொலைகின்றன. முதலில் அசையாமல் உட்காருங்கள். மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை அடையாளம் வையுங்கள். விழும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் அம்பைப் பாருங்கள்.

வெளிர் சிவப்பில் நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல், அரைமணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், மூன்று நான்கு மணி நேரம் பொறுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் அடித்தால் இரைப்பை அல்லது குடல், எட்டு மணி நேரமாவது காத்திருங்கள். பயப்படுத்தாவிட்டால் அப்படிப்பட்ட மான் பெரும்பாலும் பக்கத்திலேயே படுத்துவிடும். எழுப்பிவிட்டால் ரத்தத் தடமே இல்லாமல் எங்கோ போய்விடும். நானும் என் இரண்டாம் வருடத்தில் பச்சைக் கறையைப் பார்த்தும் பொறுக்காமல் ஒரு மணி நேரத்தில் கிளம்பினேன். புதருக்குள் அது எழுந்து ஓடிய சத்தம் கேட்டது, மறுநாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

கேள்வி: அம்பு மேலாகப் பட்டது, ரத்தம் கொஞ்சம்தான். நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறதாமே?

கிடையாது. நுரையீரல் முதுகெலும்பின் அடிவரைக்கும் நிறைந்திருக்கிறது. ஆனால் தோள் பக்கத்தில் முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடத் தாழ்ந்து ஓடுகிறது, அதற்கு மேலே கையகலச் சதை இருக்கிறது. உங்கள் அம்பு அங்கே போயிருக்கலாம். அப்படியென்றால் மான் பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது தேடாமல் இருக்கக் காரணம் ஆகாது.

கேள்வி: போன வருடத்து பிராட்ஹெட்டையே (அம்பு நுனியில் மாட்டும் அலகுள்ள வேட்டை முனை) பயன்படுத்தலாமா?

ஒரு ரப்பர் வளையத்தை இழுத்துப் பிடித்து அலகை அதன்மேல் லேசாக வையுங்கள். தொட்டதும் அறுந்தால் சரி. அழுத்த வேண்டியிருந்தால் தீட்டுங்கள், இல்லை அலகை மாற்றுங்கள்.