"அது இருந்தால்தான் தூக்கம் வருகிறது" என்கிறான் மகன்

கேள்வி (கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்தது): நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வாழ்கிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து வீட்டிலிருந்தே இயங்கலை வகுப்பில் படிக்கிறான். அவன் தினமும் கஞ்சா புகைப்பது இப்போதுதான் தெரிந்தது. கேட்டால், அது இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறான். போலீசில் ஒப்படைக்கலாம் என்கிறார் என் கணவர். நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, தூக்கத்தைப் பற்றி மகன் சொன்னதை அலட்சியம் செய்துவிடாதீர்கள். கஞ்சா தொடக்கத்தில் தூக்கத்தை விரைவாக வரவழைக்கும். ஆனால் தினமும் புகைக்கப் புகைக்க மூளை அதற்குப் பழகிப்போய், ஓரிரு நாள் நிறுத்தினாலே தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம், பசியின்மை எல்லாம் தலைகாட்டும். அவற்றைத் தம் பழைய மனவுளைச்சல் என்றே எண்ணி மகன் மறுபடியும் புகைக்கிறார் என்று நினைக்கிறேன். இந்தத் தொல்லைகள் முதல் வாரத்தில் கடுமையாக இருந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணியும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த 2020 மார்ச் 18க்குப் பிறகு நண்பர்களையும் விடுதியையும் இழந்து, இணையத் தொடர்பு கிடைக்கும் இடம் தேடிப் பாடம் கேட்கும் பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவது இயல்பே. அந்தச் சோர்வுக்கும் சிகிச்சை வேண்டும். மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை நீடிப்பதால், இளவயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தால், மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊரின் பெயருக்கு நம் மக்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். அங்குள்ள மருத்துவமனையும் நோயைக் குணப்படுத்தும் இடம்தான்.

போலீசை நாடுவதற்கு நான் உடன்படவில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, போதைப்பொருள் உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். அந்தத் தண்டனை மகனுடைய படிப்பையும் வேலை வாய்ப்பையும் பாதிக்கும். மாறாக, தாமாகவே சிகிச்சைக்கு விண்ணப்பிக்க போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இடம் தருகிறது. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மகனை அங்கே உங்கள் கணவரே அழைத்துச் செல்லட்டும். வழியில் அதட்டாமல், தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது என்று மட்டும் அவர் கேட்கட்டும்.