ஒரே கணினியில் பல பைத்தான்கள்: கேள்வி பதில்

கே: அண்ணா, உபுண்டு 22.04-ல் பைத்தான் 3.10 இருக்கு. ப்ராஜெக்டுக்கு 3.12 வேணும். பழசைத் தூக்கிடலாமா?

ப: தொடவே தொடாதீங்க. அது உங்களுக்காக வைத்த பைத்தான் இல்லை, உபுண்டு தனக்காக வைத்துக்கொண்டது. மென்பொருள் புதுப்பிக்கும் கருவிகளில் பல அதில்தான் ஓடுகின்றன. ஜினோம் டெர்மினலைத் திறந்துவைப்பதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். 'பைத்தான்3' என்ற பெயரை 3.12 பக்கம் திருப்பிவிடச் சொல்லும் குறிப்புகளும் நிறைய உலவுகின்றன. அப்படிச் செய்தவர்கள்தான் டெர்மினல் திறக்கவில்லை என்று வருகிறார்கள். பல பைத்தான் பதிப்புகளைக் கையாளும் கருவிகளான பைஎன்வி அல்லது யூவியில் ஒன்றைப் போட்டு, 3.12-ஐ உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் தனியாக வையுங்கள்.

கே: எந்தப் பதிப்பை ஓட்டணும்னு பைஎன்விக்கு எப்படித் தெரியுது?

ப: ஒரு கட்டளையைத் தட்டினால், ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) 'பாத்' பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்து, முதலில் கண்ணில் படுவதை ஓட்டும். பைஎன்வி தன் 'ஷிம்ஸ்' ஃபோல்டரை அந்த வரிசையின் முன்னால் செருகிவிடுகிறது. ஆக, முதலில் ஓடுவது அங்கே உள்ள 'ஷிம்' என்ற ஒரு குட்டி ஸ்கிரிப்ட். அது முதலில் 'பைஎன்வி_வெர்ஷன்' என்ற சூழல் மாறியை (ஷெல்லில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) பார்க்கும். அடுத்து நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் '.பைத்தான்-வெர்ஷன்' ஃபைல் உண்டா என்று தேடும். இல்லாவிட்டால் மேலே மேலே ஏறிப் போகும். எங்கும் கிடைக்காவிட்டால் குளோபல் அமைப்பு, அதுவும் இல்லையென்றால் சிஸ்டம் பைத்தான். குழப்பமாக இருந்தால் 'பைஎன்வி வெர்ஷன்' என்று கேளுங்கள். எண்ணோடு, அதை முடிவுசெய்த ஃபைலையும் காட்டும். பெரும்பாலும் மேல் ஃபோல்டரில் என்றோ போட்டு மறந்த ஃபைல்தான் அங்கே மாட்டும்!

கே: பைஎன்வியில் 3.12 ஏறிடுச்சு. ஆனா ஜாங்கோ (வெப் ஃப்ரேம்வொர்க்) '_எஸ்க்யூலைட்3 இல்லை'ங்குது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் பேக்கேஜ் போட்டும் அதே பிழை.

ப: பைஎன்வி பைத்தானை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்கிறது. அந்த நேரத்தில் எஸ்க்யூலைட்டின் 'டெவ்' பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான ஃபைல்கள் உள்ளது) இல்லாவிட்டால், ஒரு எச்சரிக்கை வரியோடு அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போய்விடும். பிறகு பேக்கேஜை மட்டும் போட்டால் போதாது, 3.12-ஐ மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் யூவி. அது ஏற்கனவே கம்பைல் செய்துவைத்த பைத்தானையே இறக்கித் தரும்.

கே: வீஎன்வி இருக்கே, பைஎன்வி எதுக்கு?

ப: வேலை வேறு. பைத்தான் 3.3 முதல் கூடவே வரும் வீஎன்வி, பேக்கேஜ்களைத்தான் பிரித்து வைக்கும். புதுப் பதிப்பைக் கொண்டுவராது. எந்தப் பைத்தானால் உருவாக்கினீர்களோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பதிப்பை நீக்கினாலோ, ஃபோல்டரை இடம் மாற்றினாலோ உடைந்துவிடும். பழுது பார்க்காதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கே: விண்டோஸில் பதிப்பை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

ப: அங்கே 'பை' என்ற கட்டளை உண்டு. 'பை -0' என்றால் உள்ள பதிப்புகளின் பட்டியல். 'பை -3.11' என்றால் 3.11 ஓடும்.

கே: நோடுக்கு (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் கருவி) அதன் பதிப்புகளை மாற்றும் என்விஎம் போட்டிருக்கேன். டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் 'நோட் இல்லை'ங்குது.

ப: என்விஎம்மில் ஷிம் கிடையாது. அது ஷெல் தொடங்கும்போது ஏற்றப்படும் ஒரு ஃபங்ஷன். அதை ஏற்றும் வரி உள்ள ஷெல் அமைப்பு ஃபைலான '.பேஷ்ஆர்சி'யைக் கிரான் படிப்பதில்லை, அதனால் அங்கே என்விஎம்மும் இல்லை, நோடும் இல்லை. டெர்மினலில் 'விச் நோட்' தட்டி, வரும் முழுப் பாதையை அப்படியே கிரான் வரியில் எழுதுங்கள். நோட் பதிப்பை மாற்றும்போது அந்த வரியையும் மாற்ற வேண்டும்.