பில்பாவோவின் சிங்கங்கள்: கேள்வி பதில்

ஸ்பெயினின் கால்பந்து கிளப் அத்லெட்டிக் கிளப் பில்பாவோவின் வரலாறு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மனசு நிறைந்துவிட்டது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஒன்றைத் தொட்டு ஒன்று வரும்படி கோத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ரொம்ப நாள் குழப்பம். அத்லெட்டிக் பில்பாவோ, அத்லெட்டிக்கோ மாட்ரிட் ரெண்டுக்கும் பேரும் ஒண்ணு, சிவப்பு வெள்ளைப் பட்டை ஜெர்சியும் ஒண்ணு. யாரைப் பார்த்து யார் காப்பி அடிச்சாங்க?

பதில்: காப்பி இல்லை தம்பி, தாய் பிள்ளை உறவு. பில்பாவோ இரும்புத் தாது ஏற்றுமதியாகும் துறைமுக ஊர். சுரங்கத்துக்கும் கப்பல் தளத்துக்கும் வேலைக்கு வந்த ஆங்கிலேயர்கள் பந்தைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் படிக்கப் போன உள்ளூர்ப் பிள்ளைகளும் ஆட்டத்தைப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஸ்பானியக் கிளப்புக்கு ‘அத்லெட்டிக்’ என்று ஆங்கிலப் பெயர் வந்தது அதனால்தான். தன் பிறந்த ஆண்டு 1898 என்கிறது கிளப். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லை மலையின் இரு பக்கமும் வாழும் மக்கள் பாஸ்க் இனத்தவர், பில்பாவோ அவர்கள் ஊர். 1903ல் மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் அங்கே ஒரு கிளை தொடங்கினார்கள். அதுதான் இன்றைய அத்லெட்டிக்கோ.

ஜெர்சிக் கதை இன்னும் சுவாரசியம். முதலில் இரண்டு அணிக்கும் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணி மாதிரி நீலமும் வெள்ளையும்தான். 1909 கடைசியில் இங்கிலாந்து போன ஹுவான் எலோர்துய் என்பவரிடம் புது ஜெர்சிகள் வாங்கிவரச் சொன்னார்கள். தேவையான அளவுக்கு நீலம் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், சவுதாம்ப்டன் துறைமுகத்தில் கப்பலேறும் முன் அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளை ஜெர்சிகளை வாங்கிக்கொண்டார். பில்பாவோ நகரக் கொடியும் சிவப்பு வெள்ளைதான், கச்சிதமாகப் பொருந்திப்போனது. மாட்ரிட் பிள்ளைகள் ஜெர்சியை மாற்றிக்கொண்டு நீலக் கால்சட்டையை மட்டும் விடவில்லை. இன்றைக்கும் அத்லெட்டிக்கோவின் கால்சட்டை நீலம்தானே!

கேள்வி: பாஸ்க்காரர்களை மட்டுமே சேர்ப்பார்களாமே? சட்டமா, பழக்கமா?

பதில்: பழக்கம். கிளப்பின் சட்டதிட்டங்களில் அப்படி ஒரு வரி கிடையாது. 1911ல் ஸ்பெயினின் தேசியக் கோப்பையான கோப்பா போட்டியில் ஆங்கிலேய வீரர்களை இறக்கியதால் பெரிய தகராறு. அதற்கடுத்த ஆண்டிலிருந்து மண்ணின் மைந்தர்கள் போதும் என்று ஆகிவிட்டது. நூறு வருஷம் தாண்டியும் எழுதாத அந்த வாக்கை யாரும் மீறவில்லை. தலைவர் தேர்தலில் நிற்பவர் யாரும் அதை மாற்றுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது.

ஆனால் ‘மண்’ என்பதன் எல்லை விரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஆரம்பத்தில் பில்பாவோ இருக்கும் பிஸ்காயா மாகாணம், பிறகு ஸ்பெயினின் மற்ற பாஸ்க் மாகாணங்களும் நவார்ராவும், பிறகு மலைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் இருக்கும் பாஸ்க் பகுதிகள். 1996ல் வந்த வீரர் லிசராசு பிரான்ஸ் பக்கத்தவர். இன்றைய நடைமுறை, அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்குள்ள கிளப்பில் ஆட்டம் கற்று வளர்ந்திருக்க வேண்டும். ரத்தத்தைவிட வளர்ப்பு முக்கியம் என்ற இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள். இந்தக் கிளப்பை நான் நேசிப்பதற்குக் காரணமே இந்த நகர்வுதான்.

கேள்வி: எனக்கென்னவோ இது இனவாதமாத்தான் படுது சார். நல்ல பேர் வச்சுட்டா சரியாயிடுமா?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். முதல் கறுப்பின வீரர் ஜோனாஸ் ரமாலியோ சீனியர் அணியில் ஆடியது 2011ல். அவ்வளவு காலம் ஆனதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் இன்றைய அத்லெட்டிக் வீரர்களான வில்லியம்ஸ் சகோதரர்கள் கதையையும் சேர்த்துப் பாருங்கள். பெற்றோர் கானாவிலிருந்து சகாராவைக் கடந்து வந்தவர்கள். வழியில் வண்டிக்காரர்கள் இறக்கிவிட்டுப் போக, சுடுமணலில் வெறுங்காலோடு நடந்த அப்பாவுக்குப் பாதம் வெந்து, பிறகு வாழ்நாளெல்லாம் நடையே சிரமம். ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பானிய ஊரான மெலியாவின் எல்லை வேலியைத் தாண்டி, அகதிகளாகப் பதிந்து, பில்பாவோ வந்துசேர்ந்தார்கள். 1994ல் அங்கே பிறந்த மூத்தவனுக்கு, தங்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரை வைத்தார்கள்: இன்யாக்கி. அசல் பாஸ்க் பெயர். அந்தப் பையன் 2016 ஏப்ரலிலிருந்து 2023 ஜனவரி வரை ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 251 ஆட்டம் ஆடினான். ஸ்பானிய லீக்கில் அதுதான் சாதனை. தம்பி நிக்கோ ஸ்பெயினுக்கு ஆடுகிறான், அண்ணன் கானாவுக்கு. இருவரும் வளர்ந்தது நவார்ராவின் பாம்ப்லோனாவில். அத்லெட்டிக்கின் மைதானமான சான் மமேஸில் இன்றைக்குப் பிள்ளைகள் முதுகில் அதிகம் பார்க்கும் பெயர்களில் ஒன்று வில்லியம்ஸ்.

என் குறை வேறு இடத்தில். அக்கம்பக்கத்துக் கிளப்புகள் வளர்த்த பிள்ளைகளை அத்லெட்டிக் பணத்தைக் காட்டித் தூக்கிவிடுகிறது. 1995ல் பக்கத்துப் பாஸ்க் கிளப்பான ரியல் சோசியதாத்திடமிருந்து 17 வயது வீரர் எச்செபெரியாவைக் கூட்டிவந்தபோது இரண்டு கிளப்புக்கும் உறவே முறிந்தது. அந்தக் கோபம் நியாயமானது.

கேள்வி: லா லிகாவில் அதிக கோல் போடுபவருக்குத் தரும் ‘பிச்சிச்சி’ விருது, அது யார் பேர்?

பதில்: ஸ்பெயினின் முதல் டிவிஷன் லீக்கான லா லிகா விருதுக்குப் பெயர் தந்தவர் அத்லெட்டிக் வீரர் ரஃபேல் மொரேனோ அரன்சாதி. செல்லப்பெயர் பிச்சிச்சி. பூஞ்சை உடம்பு, தலையில் எப்போதும் வெள்ளைத் துணி. 1913 ஆகஸ்ட் 21ல் சான் மமேஸ் மைதானம் திறந்த அன்று அங்கே முதல் கோல் போட்டவர் அவர்தான். 1922ல் காய்ச்சல் கண்டு இறந்துபோனார், வயது 29. பிறகு மைதானத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். எந்த அணியும் முதல் தடவை அங்கே ஆட வரும்போது அதன் கேப்டன் அந்தச் சிலையடியில் பூங்கொத்து வைத்துவிட்டுத்தான் களத்துக்குள் போவார். விருது பின்னால் ‘மார்கா’ பத்திரிகை ஏற்படுத்தியது.

கேள்வி: பார்சிலோனாவை 12 கோல் போட்டு அடிச்சாங்கன்னு என் நண்பன் சொல்றான். உண்மையா?

பதில்: உண்மை. 1931 பிப்ரவரியில் 12-1. பாத்தா என்ற வீரர் மட்டும் ஏழு. கோச் ஃப்ரெட் பென்ட்லண்ட், வட்டத் தொப்பி போட்ட ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் ரூலெபென் முகாமில் சிறைப்பட்டுக் கிடந்தவர். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் ஆட்டத்தை மாற்றி, தரையோடு குட்டிக் குட்டி பாஸ்களாக ஆடக் கற்றுக்கொடுத்தார். பெரிய வெற்றி கிடைத்தால் பையன்கள் அவர் தொப்பியைப் பிடுங்கிப்போட்டு மிதிப்பார்கள். 1930லிருந்து 1933 வரை வரிசையாக நாலு கோப்பா, இடையில் இரண்டு லீக். எத்தனை தொப்பி வாங்கியிருப்பார், பாவம் மனிதர்! 1959ல் அவரை பில்பாவோவுக்கு அழைத்துக் கௌரவம் செய்தார்கள். நன்றி மறக்காத ஊர்.

கேள்வி: ஃபிராங்கோ ஆட்சியில் கிளப் என்ன ஆச்சு அண்ணா?

பதில்: 1936ல் லீக் வென்றார்கள், அந்தக் கோடையிலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. அதில் வென்று சர்வாதிகாரி ஆனவர்தான் ஃபிராங்கோ. பாஸ்க் அரசின் முதல் தலைவரான ஹோசே அந்தோனியோ அகிர்ரே பழைய அத்லெட்டிக் வீரர். 1937ல் பாஸ்க் தேர்வு அணி ஒன்று ஐரோப்பா, சோவியத் யூனியன், மெக்சிகோ என்று ஆடப் போனது. அதில் அத்லெட்டிக் வீரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் வெளியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே பில்பாவோ ஃபிராங்கோ படையிடம் விழுந்தது. நிறையப் பேர் திரும்பவில்லை. 1941ல் அந்நியப் பெயர்களுக்குத் தடை வந்து கிளப் ‘அத்லெட்டிக்கோ பில்பாவோ’ ஆனது. சொந்தப் பெயர் 1972ல்தான் திரும்பக் கிடைத்தது.

எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கும் காட்சி 1976 டிசம்பர் 5. சான் செபாஸ்தியன் ஊரில் ரியல் சோசியதாத்துடன் டெர்பி, அதாவது அக்கம்பக்கத்து அணிகளின் மோதல். ஃபிராங்கோ இறந்து ஒரு வருஷம்தான், பாஸ்க் கொடிக்கு இன்னும் அனுமதி இல்லை. சோசியதாத் வீரர் ஒருவரின் சகோதரி வீட்டில் தைத்துக்கொடுத்த கொடியை ரகசியமாக மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள். கறுப்பு உடையில் அத்லெட்டிக் கோல்கீப்பர் இரிபார் ஒரு முனை, சோசியதாத் கேப்டன் கொர்தபாரியா மறுமுனை, இரண்டு அணியும் பின்னால். நடு வட்டம் வரை அந்தக் கொடியைப் பிடித்தபடி நடந்தார்கள். அடுத்த மாதமே கொடி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அன்று அத்லெட்டிக் 5-0 தோற்றது, அந்த ஸ்கோரை இன்று யார் பேசுகிறார்கள்?

கேள்வி: தம்பி, மரடோனா காலை உடைத்தது இவர்கள்தானே? பேப்பரில் படித்த ஞாபகம்.

பதில்: ஆமாம் ஐயா. 1983 செப்டம்பரில், பார்சிலோனாவுக்கு ஆடிய மரடோனாவை அத்லெட்டிக் வீரர் கொய்கோசெயா பின்னாலிருந்து அடித்த அடியில் கணுக்கால் உடைந்தது. அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன், மோசமான அடி. 1984 மே மாதம் கோப்பா இறுதியில் அதே இரண்டு அணிகள். எந்திகா போட்ட ஒரே கோலில் அத்லெட்டிக் வென்றது, ஆட்டம் முடிந்ததும் மன்னர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே களத்தில் அடிதடி. அதுதான் பார்சிலோனாவுக்கு மரடோனா ஆடிய கடைசி ஆட்டம். கிளெமெந்தே பயிற்சியில் 1983, 1984 இரண்டு லீக்கும் பில்பாவோவுக்குத்தான். எட்டாவது லீக் பட்டத்துக்குப் பிறகு இன்னொன்று வரவில்லை.

கேள்வி: இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருக்கிறார்களா?

பதில்: ஒருபோதும் இல்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக், இந்த மூன்றும்தான் இறங்காதவை. 2007ல் லீக்கின் கடைசி நாள் லெவாந்தே அணியை வென்று தப்பினார்கள்.

கேள்வி: காசுக்கு என்ன செய்றாங்க? நல்ல பிளேயரை எல்லாம் பெரிய கிளப் தூக்கிடுமே.

பதில்: தூக்கத்தான் செய்கிறது. 2018 ஒரே வருஷத்தில் தடுப்பாட்டக்காரர் லபோர்த் மான்செஸ்டர் சிட்டிக்கு 65 மில்லியன் யூரோ, கோல்கீப்பர் கெபா செல்சிக்கு 80 மில்லியன். ஒப்பந்தத்தில் எழுதிய விடுவிப்புத் தொகையை முழுசாக வைத்தால்தான் விடுவார்கள், பேரம் கிடையாது. கையில் அத்தனை காசு இருந்தும் கண்ட கடையில் வாங்க முடியாது என்பதால், லெசாமா பயிற்சிக் களத்தில் சிறுவர்களை வளர்ப்பதில் போடுகிறார்கள். கிளப் இன்னும் உறுப்பினர்களுக்குச் சொந்தம், முதலாளி யாரும் இல்லை.

கேள்வி: பெண்கள் அணி இருக்கா அண்ணா? அவங்களுக்கும் அதே விதியா?

பதில்: அதே விதிதான் தங்கச்சி, ஐந்து லீக் பட்டமும் உண்டு. 2019 ஜனவரி 30, புதன்கிழமை ராத்திரி, அத்லெட்டிக்கோ மாட்ரிட்டுடன் கோப்பை கால் இறுதிக்கு சான் மமேஸில் 48,121 பேர் வந்தார்கள். 0-2 தோல்வி. அந்தக் கூட்டத்தை மட்டும் எவரும் மறக்கவில்லை.

கேள்வி: 2024ல ஆத்துல படகு விட்டாங்களே, அது என்ன?

பதில்: அதன் பெயர் கபாரா. சரக்கு ஏற்றும் தட்டைப் படகு. 1983ல் லீக் வென்றபோது வீரர்களை அதில் ஏற்றி ஆற்றில் ஊர்வலம் விட்டார்கள், 1984லும் அப்படியே. அதன் பிறகு வேலை இல்லாமல் கிடந்தது. 2009, 2012, 2015 கோப்பா இறுதிகளில் தோல்வி. 2021 ஏப்ரலில் இரண்டே வாரத்தில் இரண்டு இறுதி, இரண்டிலும் தோல்வி, அதில் ஒன்று ரியல் சோசியதாத்திடம். அப்பா கபாராவில் பார்த்ததைப் பிள்ளைக்குக் கதையாகச் சொல்லி, அந்தப் பிள்ளையும் அப்பாவாகிவிட்டான்.

2024 ஏப்ரல் 6, செவியா நகரில் கோப்பா இறுதி. மயோர்கா அணியுடன் 1-1, பெனால்டி. நம்மூரில் விடிகாலை நாலு மணி தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் தூங்க, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நின்றபடியே பார்த்தேன். பெரெங்கேர் கடைசிப் பந்தை அடித்தார், 4-2. நாற்பது வருஷம்! ஏப்ரல் 11ல் கபாரா மறுபடி மிதந்தது. மூன்றரை லட்சம் பேர் வாழும் ஊரின் ஆற்றங்கரையில் பத்து லட்சம் பேர் வரை நின்றதாகச் செய்தி. பாலத்தில், கிரேனில், கூரையில் எல்லாம் சிவப்பு வெள்ளை. சக்கர நாற்காலியில் தாத்தாக்களைத் தள்ளிக்கொண்டு பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

கேள்வி: பழைய மைதானம் இன்னும் இருக்கா?

பதில்: இல்லை. 2013ல் பக்கத்திலேயே புதியது திறந்துவிட்டு அதை இடித்துவிட்டார்கள். அதன் கூரையைத் தாங்கிய பெரிய இரும்பு வளைவை மட்டும் லெசாமாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் பத்து வயதுப் பையன்கள் அதைப் பார்த்தபடிதான் பந்தை உதைக்கிறார்கள். பிச்சிச்சியின் சிலை புது மைதானத்துக்கு வந்துவிட்டது. பூங்கொத்தும் நிற்கவில்லை.