கடலோரத்தில் மடிக்கணினி ஏன் சீக்கிரம் கெடுகிறது? 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?

காரணம் உப்பரிப்பு. அதாவது, உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வீட்டுக்குள்ளும் வருகின்றன. மடிக்கணினியின் விசிறி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது.

காரணத்தை அடுப்படியிலேயே காட்டலாம். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று நீர்விடுமே, அதேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே இருக்கும் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப்போகும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையும் இந்த உப்புக்காற்றுதான் அரித்தது.

வகுப்பில் நான் இரண்டு ஆணிகளை எடுத்துக்கொள்வேன். ஒன்றில் உப்புநீர் தடவித் திறந்து வைப்போம். மற்றதை உலர்ந்த டப்பாவில் மூடுவோம். சில நாளில் முதல் ஆணியைத் தொட்டால் விரலில் செம்பழுப்புப் பொடி ஒட்டும். அந்த விரலைப் பார்த்த பிள்ளைக்கு அதட்டலே தேவையில்லை. கடற்கரையில் கணினிப் பையைத் திறக்காது, கடல்பார்த்த ஜன்னலோரம் கணினியை வைக்காது. தினமும் வெளிப்புறத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதும் நல்லது.

நனைந்த கணினியை அரிசிக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அரிசியால் உப்பை எடுக்க முடியாது, எனவே உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.